கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கிற அந்த வெள்ளை நாய்

2021 மே மாசம் மூணாவது வாரம் எங்க அப்பா போயிட்டாரு. கொரோனா ரெண்டாவது அலை. ஊர் தஞ்சாவூர், கரந்தை. நான் இருந்தது டோக்கியோல நிஷிகசாய், எடோகாவா வார்டுல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியா. அந்த மே 14ஆம் தேதிதான் ஜப்பான்ல ரூல் போட்டாங்க, இந்தியாவுக்குப் போயிட்டு வர்றவங்களை ரெசிடன்ஸ் கார்டு இருந்தாலும் இப்போதைக்கு உள்ள விடமாட்டோம்னு. போனா எப்ப திரும்புவோம்னு தெரியாது, போனாலும் பக்கத்துல விடமாட்டாங்க, தம்பி போன்ல "நீ வராதக்கா, வந்து என்ன பண்ணப் போற, அங்கயே இரு"ன்னு சொல்லிட்டு அழுதான். வாட்ஸாப் வீடியோலதான் பார்த்தேன். பாதியில படம் நின்னுபோச்சு. தம்பியோட செருப்பும் கொஞ்சம் தரையும் மட்டும் ஸ்க்ரீன்ல அப்படியே நின்னுச்சு, சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்துச்சு. நான் குளிச்சிட்டு வந்து ஈரத்தலையோட அந்தச் செருப்பைப் பார்த்துக்கிட்டு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல.

இதை எழுதுறது அழுகைக்காக இல்ல. அதுக்கப்புறம் என்னை மெல்ல மெல்ல தூக்கி உக்கார வச்சது ஒரு நாய். உயிருள்ள நாய் இல்ல, ஒரு ஓவியர் வரைஞ்சு வரைஞ்சு, செஞ்சு செஞ்சு வச்ச நாய். அது எப்படி உதவுச்சு, நான் என்னென்ன பண்ணேன், எது வேலை செஞ்சுது எது செய்யலன்னு முழுசா சொல்றேன். வெளிநாட்டுல தனியா இருந்துக்கிட்டு இதே மாதிரி ஒரு இழப்பைத் தாண்ட வேண்டிய யாருக்காவது கொஞ்சம் உபயோகப்படும்னு நம்புறேன்.

மொதல்ல அந்த ரெண்டு வாரத்தைப் பத்திச் சொல்லணும். போன் நிக்கவே இல்ல. சித்தப்பா, அத்தை, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், எப்பவோ கூட வேலை பார்த்தவங்க. எல்லாருமே நல்ல மனசோடதான் கேட்டாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொருத்தர் கிட்டயும் "எப்படி ஆச்சு"ன்னு மொதல்லேர்ந்து சொல்லணும், ஆக்ஸிஜன் எவ்ளோ இருந்துச்சு, எந்த நாள் அட்மிட் பண்ணோம், கடைசியா என்ன பேசினாருன்னு திரும்பத் திரும்பச் சொல்லணும், சொல்லி முடிச்சதும் அவங்க அழுவாங்க, நான் "பரவாயில்ல பெரியம்மா, அழாதீங்க"ன்னு சமாதானம் பண்ணணும். வேலை இடத்துல நாலாவது நாள் ஒரு மீட்டிங்ல உக்காந்தேன், நானே ஒத்துக்கிட்டுதான் உக்காந்தேன், கேமரா ஆன் பண்ணச் சொன்னாங்க, எல்லாரும் என் முகத்தைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் அமைதியா இருந்தாங்க. அந்த ஒரு நிமிஷத்தை என்னால தாங்கவே முடியல. எல்லார் கண்ணும் என்னைப் பார்க்குது, நான் ஏதாவது ஒண்ணு முகத்துல காட்டணும், சோகமா இருந்தா அதிகமாத் தெரியும், சாதாரணமா இருந்தா கல்நெஞ்சுன்னு நினைப்பாங்க. துக்கத்துல இருக்கிறவங்களுக்கு மத்தவங்க பார்வையே ஒரு வேலைன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்பதான் தபால் பெட்டியில ஒரு அட்டை வந்துச்சு. வார்டுல வாலண்டியரா ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேல, நாங்க சென்செய்னு கூப்பிடுவோம். எங்க க்ளாஸே கொரோனாவால நின்னுபோய் ஒரு வருஷம் ஆச்சு. யாரு அவங்களுக்குச் சொன்னாங்கன்னு தெரியல. அட்டையோட ஒரு பக்கம் வெள்ளை நாய், காது தொங்குது, தலை லேசா குனிஞ்சிருக்கு, கண்ணு மூடியிருக்கு. இன்னொரு பக்கம் நான் படிக்கணும்னு எல்லாத்தையும் ஹிராகானாங்கிற சுலபமான ஜப்பானிய எழுத்துல பெருசு பெருசா எழுதியிருந்தாங்க. ரெண்டே வரி. இந்த நாய் உன் பக்கத்துல இருக்கட்டும்னு ஒரு வரி. "ஹென்ஜி வா இரிமாசென்"னு இன்னொரு வரி. பதில் வேண்டாம்.

பதில் வேண்டாம்ங்கிற அந்த ரெண்டு வார்த்தையில எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்துச்சு. அட்டையை அடுப்பு மேடையில ரைஸ் குக்கருக்குப் பின்னாடி சுவர்ல டேப் போட்டு ஒட்டினேன். தினமும் கண்டிப்பா நிக்கிற இடம் அது ஒண்ணுதான், அதனால. மொதல் ஒரு வாரம் சும்மா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அரிசி கழுவுறப்ப, தண்ணி கொதிக்கிறப்ப, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம தண்ணி குடிக்க வர்றப்ப. அப்புறம்தான் அட்டையோட ஓரத்துல பொடி எழுத்துல இருந்த பேரைப் பார்த்தேன். யோஷிதோமோ நாரா.

அவர் படங்களை நீங்களும் எங்கயாவது பார்த்திருப்பீங்க. பெரிய தலை, பெரிய கண்ணு, ஒரு சின்னப் பொண்ணு கோவமா முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கும். 2019ல ஹாங்காங் ஏலத்துல அப்படி ஒரு பொண்ணு படம், அவர் 2000ல வரைஞ்சது, 19 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல போச்சு. உலகத்துல அவரை அந்தப் பொண்ணை வச்சுதான் தெரியும். ஆனா அந்தப் பொண்ணு கூடவே இன்னொரு ஆள் அவர் கிட்ட திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு, அதுதான் இந்த நாய். படமா வரும், ஃபைபர்கிளாஸ் சிலையா வரும், ஆள் உயரத்துக்கு மேல நிக்கும். எனக்குத் தோணுறது இதுதான்: பொண்ணு நம்மளைப் பார்க்கும், நாய் பார்க்காது. அந்தப் பொண்ணு நம்ம கிட்ட ஏதோ கேக்குது, ஏதோ குத்தம் சொல்லுது. நாய் கண்ணை மூடிக்கிட்டோ தாழ்த்திக்கிட்டோ அது பாட்டுக்கு இருக்கு. தூங்குதா, யோசிக்குதா, சோகமா இருக்கான்னு உறுதியா சொல்ல முடியாது. நீங்க அது முன்னாடி எந்த முகத்தோட வேணும்னாலும் நிக்கலாம். அந்த மீட்டிங்ல நான் தவிச்ச தவிப்புக்கு இது நேர் எதிர்.

அவரோட வாழ்க்கையைத் தேடித் தேடி படிச்சேன், அதுவும் ஒரு ஆறுதலாத்தான் இருந்துச்சு. 1959ல அவோமோரி மாநிலத்துல ஹிரோசாகின்னு ஒரு ஊர்ல பிறந்தவரு, ஜப்பானோட பெரிய தீவுல வடக்குக் கோடி, பனி கொட்டுற பூமி. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க, அண்ணனுங்க வயசுல ரொம்பப் பெரியவங்க, ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, கழுத்துல சாவியோட தனியா வளர்ந்த பையன். கூட இருந்தது பூனை நாய், அமெரிக்க ராணுவ ரேடியோவுல வர்ற பாட்டு. 1988ல ஜெர்மனிக்குப் போறாரு, டுசெல்டார்ஃப் ஓவியப் பள்ளிக்கு. மொழி தெரியாது, குளிரு, இருட்டு, பேச ஆளில்ல. அந்தத் தனிமை அவரைத் திரும்ப அந்தச் சின்ன வயசுக்கே கொண்டு போச்சுன்னும், அங்கதான் அவரோட இப்ப இருக்கிற படங்கள் உருவாச்சுன்னும் அவரே பல தடவை சொல்லியிருக்காரு. 2000 வரைக்கும் ஜெர்மனியிலதான் இருந்தாரு. அந்நிய ஊர்ல மொழி தெரியாம ரூமுக்குள்ள உக்காந்திருந்த ஒரு ஆள் கிட்டேர்ந்து வந்த நாய் இதுன்னு தெரிஞ்சதும் ரைஸ் குக்கர் பின்னாடி இருந்த அட்டையை வேற மாதிரி பார்த்தேன்.

1999ல அவர் ஒரு படக்கதைப் புத்தகமும் போட்டிருக்காரு. அதுல வர்ற நாய்க்குட்டிக்கு ஃப்ரெண்டே கிடையாது, காரணம் என்னன்னா அது ரொம்ப ரொம்பப் பெருசு, அதனால யார் கண்ணுக்கும் அது தெரியல. ஒரு சின்னப் பொண்ணு அதோட காலைப் புடிச்சு மேல மேல ஏறிப் போய்தான் அங்க ஒரு முகம் இருக்குன்னே கண்டுபுடிக்கும். பெருசா இருக்கிறதாலயே யாருக்கும் தெரியாமப் போறது. எனக்கு அது நாய் கதையாத் தோணல. என் வீட்டுக்குள்ள அப்ப இருந்ததும் அப்படி ஒண்ணுதான், ரூம் முழுக்க அடைச்சிக்கிட்டு இருந்துச்சு, வெளிய இருந்து பார்த்தா நான் வழக்கம் போல ரயில் ஏறி வேலைக்குப் போற ஆளு.

இப்ப நான் பண்ணது. ஜூன் கடைசியில நூறு யென் கடையில ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினேன், தினமும் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அந்த அட்டையைப் பார்த்து அந்த நாயை ஒரு தடவை வரைஞ்சேன். எனக்கு வரையத் தெரியாது, ஸ்கூல்ல கோலம் போட்டதோட சரி. ஆனா இந்த நாய்க்குக் கோடு ரொம்பக் கம்மி. நெத்தியிலேர்ந்து மூக்கு வரைக்கும் ஒரு நீள வளைவு, காதுக்கு ஒரு தொங்கல், வாய்க்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒரே ஒரு சின்னக் கோடு. அந்தக் கண்ணுக் கோடுதான் எல்லாமே. அதோட நடு மேல வளைஞ்சா நாய் சிரிக்குது. வெளி ஓரம் ரொம்பக் கீழ இறங்கினா அழுவுது. நேரா போட்டா செத்த மாதிரி ஆயிடுது, அப்படி வந்த அன்னைக்கு எனக்கு நோட்டை மூடிட்டு விளக்கைப் போட்டுக்கிட்டே படுக்க வேண்டியிருந்துச்சு. கிட்டத்தட்ட நேரா வந்து கடைசியில ஒரு மயிரிழை மட்டும் இறங்கணும், அப்பதான் அது கண்ணை மூடி உக்காந்திருக்கிற நாய் ஆகும். பென்சிலை அழுத்தாம, மூச்சை விட்டுக்கிட்டே போட்டாத்தான் அந்தக் கோடு வரும். மூச்சைப் புடிச்சா கோணிப் போயிடும். ஒரு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன், நான் நாள் முழுக்க மூச்சைப் புடிச்சிக்கிட்டே இருக்கேன், அந்த ஒரு கோடு போடுறப்பதான் ஒழுங்கா விடுறேன்னு.

யாராவது இதை முயற்சி பண்றதா இருந்தா சொல்றேன், ரப்பர் வச்சுக்காதீங்க. தப்பா வந்த நாயும் இருக்கட்டும், தேதி மட்டும் போடுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நான் நடுவுல நல்லா வரைஞ்சு இன்ஸ்டாகிராம்ல போடலாம்னு ஆரம்பிச்சேன், மூணாவது நாளே திரும்ப அந்தப் பார்வை பயம் வந்துடுச்சு, யாரு பார்த்தா, யாரு லைக் போட்டா, அழிச்சிட்டேன். இது யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல. நோட்டு மொத்தம் நாலு ஆச்சு, இன்னும் யாரும் பார்த்ததில்ல.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், நாய் மட்டும் போதும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆகஸ்ட்ல ஒரு வாரம் சாப்பாடே இறங்கல, காலையில எழுந்திரிக்க முடியல, இனிமே எதுக்குன்னு ஒரு எண்ணம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்ப டெல் லைஃப்லைன்னு ஜப்பான்ல இங்கிலீஷ்ல பேசுறவங்களுக்கு ஒரு உதவி லைன் இருக்கு, அதுக்குப் போன் பண்ணேன், அப்புறம் ஒரு கவுன்சிலர் கிட்ட நாலு மாசம் போனேன். அவங்க கிட்ட மொதல் நாள் பேச வார்த்தையே வரல, நோட்டைப் பத்தி மட்டும் சொன்னேன், அவங்க அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. அதனால ரெண்டும் வேணும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துல இருக்க ஒண்ணு, பகல்ல பேசுறதுக்கு ஒருத்தர். எந்த ஊர்ல இருந்தாலும் அந்த நம்பரைத் தேவைப்படுறதுக்கு முன்னாடியே தேடி எழுதி வச்சுக்கோங்க, அந்த நேரத்துல தேடுற தெம்பு இருக்காது.

டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை அவோமோரி போனேன். அந்த நாயோட பெரிய உருவம் அங்கதான் இருக்கு, அவோமோரி மாநில ஓவிய மியூசியத்துல. 2005ல செஞ்சது, உயரம் சுமார் 8.5 மீட்டர், கிட்டத்தட்ட மூணு மாடி. பேரு "அவோமோரி கென்". ஜப்பானிய மொழியில கென்னா மாநிலம், எழுத்து மாத்தினா கென்னா நாய். அவோமோரி மாநிலம்னும் படிக்கலாம் அவோமோரி நாய்னும் படிக்கலாம். சொந்த ஊருக்கு இதை விட அழகா ஒரு பேரு வைக்க முடியுமான்னு தெரியல.

டோக்கியோ ஸ்டேஷன்ல ஹயபுசா புல்லட் ரயில் ஏறினா ஷின் அவோமோரிக்கு சுமார் 3 மணி 20 நிமிஷம், அதுல எல்லாமே ரிசர்வ் சீட்டுதான், முன்னாடியே போட்டுடுங்க. அங்கேர்ந்து பஸ். அந்த மியூசியத்துக்கு மாசத்துல ரெண்டாவது, நாலாவது திங்கக்கிழமை லீவு, வருஷக் கடைசியிலயும் மூடிடுவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கோங்க. பனிக்காலத்துல போனா சாதா ஷூ போட்டுக்கிட்டுப் போகாதீங்க, அங்க இறங்கினதுமே கால் வழுக்கும், அடியில ரப்பர் பல்லு வச்ச ஷூ வேணும். முக்கியமா திரும்பி வர்ற பஸ் நேரத்தை இறங்கின உடனே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஒரு பஸ்ஸை விட்டா ரொம்ப நேரம் நிக்கணும், அந்தக் குளிர்ல அது விளையாட்டு இல்ல.

அந்தக் கட்டிடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பக்கத்துலயே நடந்து போற தூரத்துல சன்னாய் மருயாமான்னு ஜோமோன் காலத்து ஊர் ஒண்ணு தோண்டி எடுத்து வச்சிருக்காங்க, சுமார் 5900 வருஷத்துலேர்ந்து 4200 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் ஜனங்க வாழ்ந்த இடம், 2021 ஜூலையிலதான் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. அந்தத் தொல்லியல் குழிகளைப் பார்த்துட்டுதான் ஜுன் அவோகின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் இந்த மியூசியத்தையும் யோசிச்சிருக்காரு. மண்ணுல வெட்டின பள்ளம் மாதிரி கீழ மண் தரை, மண் சுவர், அது மேல வெள்ளைக் கட்டிடம் கவுத்து வச்ச மாதிரி. 2006ல திறந்தாங்க. நாய் உக்காந்திருக்கிறதும் அந்தப் பள்ளத்துலதான். இடுப்புக்குக் கீழ மண்ணுக்குள்ள, மேல் பாதி மட்டும் தோண்டி எடுத்து வச்ச மாதிரி இருக்கும். ஜோமோன் காலத்து ஜனங்க நாய் வளர்த்திருக்காங்க, செத்த நாய்ங்களைக் குழி வெட்டி ஒழுங்காப் புதைச்சிருக்காங்க, அந்த எலும்புங்க ஜப்பான்ல நிறைய இடத்துல கிடைச்சிருக்கு. அதைப் படிச்சிட்டு இந்தப் பாதி புதைஞ்ச நாயைப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

பனிக்காலத்துல வெளிய போய் நாய் கிட்ட நிக்க விடமாட்டாங்க, அது எனக்கு முன்னாடி தெரியல. டிக்கெட் வாங்கி உள்ள, கீழ்த்தளத்துல, பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாத்தான் பார்க்க முடிஞ்சுது. வழியில அவரோட படங்களை மாட்டி வச்சிருக்கிற ரூம்கள் வரும், அந்த மியூசியம் 1998லேர்ந்தே சேர்க்க ஆரம்பிச்சு 170க்கும் மேல வச்சிருக்காங்க. அந்த முறைக்கிற பொண்ணுங்களை எல்லாம் தாண்டி ஒரு திருப்பத்துல திரும்பினேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மொதல்ல பனின்னுதான் நினைச்சேன். பனியும் வெள்ளை, சுவரும் வெள்ளை, நாயும் வெள்ளை. அப்புறம்தான் அந்த ரெண்டு கண்ணுக் கோடு தெரிஞ்சுது. தலை மேல ஒரு முழம் பனி தொப்பி மாதிரி நின்னுச்சு, காது மேல கொஞ்சம், மூக்கு மேல கொஞ்சம். பனி இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு, அது அசையல. கண்ணு முழுசா மூடியிருக்கா பாதியான்னு தெரியல, தலை கீழ் நோக்கி இருக்கு. ஆறு மாசமா தினமும் வரைஞ்ச கோடு மூணு மாடி உயரத்துல.

நான் அப்பாவுக்கு அன்னைக்குத்தான் அழுதேன்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி அழுததெல்லாம் யாராவது போன்ல அழுததுக்குக் கூட அழுதது. ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒருத்தர், கிட்ட போக முடியாது, தொட முடியாது. மே மாசம் என் போன் ஸ்க்ரீனும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இந்தக் கண்ணாடியில படம் நின்னுபோகல, நான் பார்க்கிற வரைக்கும் அது அங்க இருந்துச்சு. முக்கா மணி நேரம் நின்னேன். பக்கத்துல ஒரு சின்னப் பையன் வந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவங்க அம்மா கிட்ட, நாய்க்குக் குளிராதான்னு கேட்டான்.

அந்த மாதிரி இடத்துக்குப் போறவங்களுக்கு என் அனுபவத்துல சொல்றது, தனியா போங்க, இல்ல பேசாம நிக்கத் தெரிஞ்ச ஆளோட போங்க. போனதும் போட்டோ எடுக்காதீங்க, கையில போன் இருந்தா ஆங்கிள்தான் தேடுவோம், மொதல்ல பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்க்கணும்னு திட்டம் போடாதீங்க. ஷாகால் வரைஞ்ச பிரம்மாண்டமான நாடகத் திரைச்சீலைங்க இருக்கிற ஹால் ஒண்ணு அதே மியூசியத்துல இருக்கு, உலகமே வந்து பார்க்கிறது, நான் அன்னைக்கு அதைத் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு வந்துட்டேன், பரவாயில்ல, அதை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

கடையில அந்த நாயோட பீங்கான் உண்டியல் விக்கிறாங்க. பொம்மை, பை, சாவிக்கொத்துன்னு எல்லாத்தையும் அள்ளணும்னு தோணும், ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, நிறைய வாங்கினா எதுவுமே துணையா இருக்காது. நான் உண்டியல் வாங்கினேன். அதுல அஞ்சு யென் காசு மட்டும் போடுவேன். அஞ்சு யெனை ஜப்பானிய மொழியில கோ என்னு சொல்லுவாங்க, அதே உச்சரிப்புல உறவு, பந்தம்னும் அர்த்தம் வரும், கோயில்ல அதனாலதான் அந்தக் காசைப் போடுவாங்க. அப்பா ஞாபகம் திடீர்னு வந்து தாக்குற நாள்ல ஒரு காசு. மொதல் மாசம் தினமும் போட்டேன். இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப உதவுச்சு. 2011 மார்ச்ல வட ஜப்பான்ல நிலநடுக்கமும் சுனாமியும் வந்தப்ப நாராவால படமே வரைய முடியாமப் போச்சு. அவர் ஊர்ப் பக்கம் எல்லாம் அழிஞ்சு கிடக்குது, பிரஷ்ஷைத் தொட முடியல. அப்ப அவர் தான் படிச்ச அய்ச்சி காலேஜுக்குத் திரும்பப் போய் களிமண்ணை எடுத்து வெறும் கையால பிசைஞ்சு பெரிய பெரிய தலைங்களா செஞ்சாரு, அதைத்தான் அப்புறம் வெண்கலத்துல வார்த்தாங்க, அதுல அவரோட விரல் தடம் அப்படியே தெரியும். மனசு வேலை செய்யாதப்ப கைக்கு வேலை கொடுக்கணும்னு நான் அதுலேர்ந்து எடுத்துக்கிட்டேன். வரைய முடியாத நாள்ல சப்பாத்தி மாவு பிசைஞ்சேன். உண்மையாவே அது உதவும்.

சென்செய்க்கு நான் பதில் எழுதவே இல்ல, அவங்க சொன்ன மாதிரியே. ஜூலை ஆரம்பத்துல அவங்க கிட்டேர்ந்து இன்னொரு அட்டை வந்துச்சு, அதே நாய் வேற படம். அன்னைக்குத் தேதியை எண்ணிப் பார்த்தேன், 49ஆம் நாள். ஜப்பான்ல செத்தவங்களுக்கு 49ஆம் நாள் முக்கியமான நாள், நம்ம பதினாறாம் நாள் மாதிரி. யாரோ ஒருத்தர் என் அப்பாவுக்காக நாள் எண்ணியிருக்காங்க, என் கிட்ட ஒரு கேள்வி கூடக் கேக்காம. அதுலேர்ந்து நானும் அதையே பண்றேன். இங்க யாராவது ஊர்ல அப்பா அம்மாவைப் பறி கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா போன் பண்ண மாட்டேன். ஒரு அட்டை, பேரு, ரெண்டு வரி, "பதில் போட வேண்டாம்"னு கண்டிப்பா எழுதுவேன், வாசல் கதவுல சாப்பாட்டு டப்பா மாட்டினா அது திரும்பத் தர வேண்டாத டப்பாவா இருக்கும், கழுவித் திருப்பிக் கொடுக்கிறது கூட அந்த நேரத்துல பாரம்தான். மொதல் வாரத்துல எல்லாரும் இருப்பாங்க, ஏழாவது வாரத்துல யாரும் இருக்க மாட்டாங்க, அதனால ரெண்டாவது அட்டைக்கு அன்னைக்கே போன் காலண்டர்ல ரிமைண்டர் போட்டுடுவேன். இதுல நீங்க எது எடுத்துக்கலன்னாலும் இதை எடுத்துக்கோங்க.

2023 அக்டோபர்ல அம்மா மூணு மாச விசாவுல வந்தாங்க. அந்த மாசம் 14ஆம் தேதிதான் அவோமோரி மியூசியத்துல நாராவோட பெரிய கண்காட்சி தொடங்குச்சு, ஸ்கூல் படிக்கிறப்ப ஹிரோசாகியில அவரும் கூடச் சேர்ந்து கட்டின ராக் காஃபி கடையைக் கூட அப்படியே திரும்பக் கட்டி வச்சிருந்தாங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மொத நாள் ஹிரோசாகி, அவோமோரியிலேர்ந்து சாதா ரயில்ல முக்கா மணி நேரம் போல, வழியெல்லாம் ஆப்பிள் தோட்டம், மரத்துல செவசெவன்னு தொங்குது, அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்ல. அங்க ஒரு பழைய செங்கல் கிடங்கு, சாராய ஆலையா இருந்தது, 2002லேர்ந்து மூணு தடவை நாராவோட கண்காட்சியை ஊர் ஜனங்களே வாலண்டியரா நின்னு அதுல நடத்தியிருக்காங்க. அந்த ஜனங்களுக்கு நன்றியா அவர் ஒரு நாயைச் செஞ்சு கொடுத்தாரு, 2007ல. 2020ல அந்தக் கிடங்கே மியூசியம் ஆச்சு, நாய் இப்ப நுழையுற இடத்துலயே நிக்குது, சுமார் 3 மீட்டர். அம்மா அதைச் சுத்தி வந்து பார்த்துட்டு, "ஊருக்கு நன்றி சொல்லணும்னு நாயைக் கொடுத்தாராமா, சரியாத்தான் கொடுத்திருக்காரு"ன்னாங்க.

மறுநாள் பெரிய நாய். அக்டோபர்ங்கிறதால வெளிப்பக்கமா சுத்திப் போற வழி திறந்திருந்துச்சு, படி இறங்கி நேரா அது முன்னாடியே போய் நிக்கலாம், நடுவுல கண்ணாடி கிடையாது. நான் அம்மா கிட்ட எதுவுமே சொல்லல, அட்டை, நோட்டு, டிசம்பர்ல வந்து அழுதது எதுவும். அம்மா அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "பெரிய கோயில் நந்தி மாதிரியே உக்காந்திருக்கு பாரு பாப்பா"ன்னாங்க. எனக்கு இத்தனை நாள் அது தோணவே இல்ல. சின்ன வயசுல வாராவாரம் பார்த்த நந்தி, அப்பா தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுக் காட்டின நந்தி. உள்ள இருக்கிற ஒருத்தருக்காக எத்தனை நூறு வருஷம் வேணும்னாலும் அப்படியே உக்காந்திருக்கும்னு அப்பா சொல்லுவாரு.

அம்மா என் கையை விட்டுட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட போனாங்க. எங்க ஊர்ல நந்தி காதுல சொல்லுற மாதிரி ஒரு கையை வாய் பக்கம் குவிச்சுக்கிட்டு, அந்தக் காது எட்டாத உயரத்துல இருக்கேன்னு எல்லாம் பார்க்காம, மெதுவா ஏதோ பேசினாங்க. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்துல நின்னாங்க. என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு, ரெண்டு பேரும் அங்கயே நின்னோம்.